பக்கத்துத் தாள்

புடவைக் கடையில் நூறு புடவையைப் புரட்டிப் போட்டுவிட்டு, "அப்புறம் வரேன்" என்று எழுந்து போகிறவர்கள் உண்டு. சபாநாயகம் அதையே துப்பாக்கியில் செய்துகொண்டிருந்தார்.

டெக்சஸில், ஊருக்கு வெளியே ஒரு சுடுதளம். சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவார். கைத்துப்பாக்கித் தோட்டாவைப் போட்டுச் சுடுகிற குட்டை ரைஃபிளுக்குக் கார்பைன் என்று பேர். அதில் இரண்டை வாடகைக்கு எடுப்பார். இரண்டாலும் சுட்டு, இலக்குத் தாளில் விழுந்த ஓட்டைகளை ஒப்பிட்டுப் பார்ப்பார். பிறகு பயிற்சி கொடுக்கும் ஜெபராணியிடம் போய் நிற்பார். நாகர்கோவில்காரி, அவருக்கு மகள் வயது. ஆனாலும் "டீச்சர்"தான்.

"டீச்சர், இது எடை கம்மி, ஆனா தோள்ல இடிக்குது. அது இடிக்கல, தூக்கத்தான் முடியல. எத வாங்கலாம்?"

"இன்னொரு வாரம் சுட்டுப் பாருங்க சார்."

அந்தப் பதில் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். மனைவி போன பிறகு வீட்டில் பேச்சுக்குரல் என்றால் டிவி மட்டும்தான். ஒன்றை வாங்கித் தொலைத்துவிட்டால் அப்புறம் வந்து கேட்க என்ன இருக்கிறது?

ஒரு சனிக்கிழமை ஜெபராணி, தனக்கு இதுதான் கடைசி நாள் என்றாள். கணவருக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்துவிட்டது.

அடுத்த வாரம் யாரிடம் போய் நிற்பது? அந்தக் கலக்கத்திலேயே சபாநாயகம் சுட்டார். முதலில் ஒன்று, பிறகு மற்றது.

சுடுவதை நிறுத்தச் சொல்லிக் குரல் வந்தது. எல்லோரும் துப்பாக்கியைக் காலி செய்து மேஜையில் வைத்தார்கள். ஜெபராணியும் அவரும் தாளைப் பார்க்க நடந்தார்கள்.

அவர் தாளில் ஒரு ஓட்டைகூட இல்லை. பக்கத்துத் தாள் சல்லடையாகியிருந்தது.

"டீச்சர், மானம் போச்சு. அடுத்தவர் தாள்ல சுட்டுட்டேன்."

"பாத்தேன்."

"போகட்டும். கிளம்புறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க. எந்தத் துப்பாக்கில குண்டு நல்லா விழுந்திருக்கு?"

"இதுல உங்களோடது எது, அவரோடது எது?"

"தெரியலயே. எல்லாம் ஒரே அளவு தோட்டா."

"அவரு பேரென்ன?"

"யாரு?"

"பக்கத்து மேஜைக்காரரு."

சபாநாயகம் திரும்பிப் பார்த்தார். மீசை நரைத்த மெக்ஸிகோக்காரர் ஒருவர் முழங்காலைத் தாங்கித் தாங்கி மெதுவாக வந்துகொண்டிருந்தார். அவரும் சனிக்கிழமைதோறும் தனியாகத்தான் வருவார்.

"தெரியாது டீச்சர். ரெண்டு பேரும் வெடிச்சத்தத்துக்குக் காதை அடைச்சிட்டு நிப்போம். தலையாட்டுவோம், அவ்வளவுதான்."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

ஜெபராணி வந்துகொண்டிருந்தவரைப் பார்த்தாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க டீச்சர். நீங்களும் போயிட்டா நான் யாருகிட்ட போய்க் கேப்பேன்?" கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது.

ஜெபராணி பக்கத்துத் தாளைப் பலகையிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"தாளுக்குச் சொந்தக்காரரு வந்துட்டிருக்காரு. எது எதுன்னு அவருகிட்ட கேளுங்க சார்."