எட்டடி தூரம்

வீரகேசவனுக்கு அறுபது நெருங்குகிறது. அவருடைய குரு அம்பலவாணருக்கு நாற்பதுதான். ஞானத்துக்கு ஏது வயது என்று கேசவன் வெளியில் பெருமையாகப் பேசுவார். வீட்டில் மட்டும் தன் நிழலைக்கூட இரண்டு முறை திரும்பிப் பார்ப்பார்.

அன்று காலை வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"சாமி, டிவியிலேருந்து எத்தனை அடி தள்ளி உட்காரணும்?"

"வாங்கின கடையில சொல்லலையா?"

"எட்டடின்னாங்க. அளந்து, தரையில ஸ்டிக்கர் ஒட்டி, நாற்காலியைப் போட்டேன். குளிச்சிட்டு வந்தா இடம் மாறியிருக்கு. தினமும் இதே கூத்து. நகர்த்துறது என் சம்சாரம் வசுமதிதான்."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். அந்த நாற்காலி அங்கேயே இருந்தா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேங்கிறா. அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு பெட்டியும் கட்டிட்டா. முப்பது வருஷக் குடித்தனம் சாமி! ஒரு நாற்காலிக்காக யாராவது போவாங்களா? இதுல வேற என்னமோ இருக்கு."

சந்தேகம் புகுந்த வீட்டில் ஆண்டவனே வந்து சாட்சி சொன்னாலும், இவருக்கும் இதில் பங்கு உண்டோ என்றுதான் தோன்றும். கேசவன் அந்த நிலையில் இருந்தார். குரலில் கோபம் இருந்தது, கண்ணில் பயம்.

"வாங்க, பார்ப்போம்" என்று குரு எழுந்தார்.

வாசற்கதவு ஓரமாகப் பெட்டி தயாராக நின்றது. வசுமதி வந்து, "வாங்க சாமி" என்று கும்பிட்டாள். உடனே அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள்.

"பார்த்தீங்களா? எதிர்ல ஒரு நிமிஷம் நிக்க மாட்டா" என்று கேசவன் கிசுகிசுத்தார்.

கூடத்தில் டிவி அணைந்திருந்தது. நாற்காலி அதற்கு நேர் எதிரே, கூடத்தின் நடுவில் கிடந்தது. ஸ்டிக்கரோ சுவரோரமாக இருந்தது. குரு டேப்பை வாங்கி இரண்டு இடத்தையும் அளந்தார்.

"நடுவுலயும் எட்டடிதான் வருது. அப்புறம் ஏன் ஓரமாப் போடுறீங்க?"

"அங்கதான் கண்ணுக்கு இதமா இருக்கு."

"டிவி ஓடும்போதா?"

கேசவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அணைச்சிட்டும் கொஞ்ச நேரம் உட்காருவேன். கண்ணுக்கு ஓய்வு வேணும்ல."

குரு முதலில் நடுவில் உட்கார்ந்தார். கறுப்புத் திரையில் அவர் முகம் மட்டும் தெரிந்தது. நாற்காலியை ஸ்டிக்கருக்கு இழுத்து மறுபடி உட்கார்ந்தார். இப்போது திரையில் அவருக்குப் பின்னால் இருந்த அடுக்களை வாசல் தெரிந்தது. உள்ளே அடுப்பு, அடுப்பருகே வசுமதி, அவள் காதில் போன். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குரு எழுந்து, "நீங்க உட்காருங்க" என்றார்.

கேசவன் உட்கார்ந்த சற்று நேரத்தில் அடுக்களையில் சிரிப்பு நின்றது. வசுமதி போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் ஒதுங்கிக்கொண்டாள்.

கேசவன் துள்ளி எழுந்தார். "இப்பவாவது நம்புங்க சாமி! நான் பார்த்தா உடனே பேச்சை நிறுத்திடுறா. மடியில கனம் இல்லாட்டி வழியில ஏன் பயம்?"

"நீங்க பார்த்தீங்களா? அந்தப் பக்கம் முதுகைத்தானே காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க?"

கேசவனின் கண் தானாகக் கறுப்புத் திரைப்பக்கம் போனது.

குரு அடுக்களைக்குப் போனார். "அம்மா, கொஞ்சம் இடம் கொடுங்க."

வசுமதி நகர்ந்தாள். "யாரோட பேசுறேன்னு என்கிட்ட ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சாமி. தலையைத் திருப்பிக்கூடக் கேட்டதில்ல."

அவள் முன்பு நின்ற இடத்தில், அடுப்பருகே குரு நின்றுகொண்டார்.

"கேசவன், வழக்கம்போல உட்காருங்க."

கேசவன் ஸ்டிக்கரின் மேல் கிடந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். திரையில் குருவைத் தேடினார். கண்டுபிடித்தும்விட்டார்.

"எட்டடி சரிதானா சாமி?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ரொம்பச் சரி" என்றார் குரு, அடுப்பருகிலிருந்து. "இங்கிருந்து பார்த்தா, உங்க கண்ணு ரெண்டும் நல்லாத் தெரியுது."