ஆறிதழ் முத்திரை

ஆவுடையப்பன் முதலாளியின் பாய்மரப் படகு, மஞ்சள் கொடி ஏற்றியபடி அந்த அந்நியத் தீவின் துறைமுகத்தில் இரண்டு நாளாகக் கட்டிக் கிடந்தது. அனுமதி கிடைத்துக் கொடியை இறக்கும்வரை யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. குடிதண்ணீரோ அரைக் குடம்தான் மிச்சம்.

மூன்றாம் நாள் காலை சுங்க அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழும் உண்டு, தலைக்கனமும் உண்டு. காகிதங்களைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கப்பல் முத்திரை எங்கே? அது இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாது. முப்பது வருஷமாக முத்திரை பார்க்கிறவன் நான். என்னை ஏமாற்ற முடியாது!"

ஊர் சுற்ற வந்த படகுக்கு ஏது முத்திரை? முதலாளி கையைப் பிசைந்தார். சமையல்காரர் சூசைமிக்கேல்தான் மெல்ல வாயைத் திறந்தார்.

"ஐயா, இந்தப் படகுல அச்சுன்னு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. கீழ என் பொறுப்புல கிடக்கு. குத்திக்கிட்டு வரட்டுமா?"

"அதைத்தானே கேட்கிறேன்!"

காகிதங்களையும் அதிகாரியின் மைப்பெட்டியையும் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனவர், ஆறு இதழ்ப் பூவாக ஒரு முத்திரையைப் பதித்துக் கொண்டுவந்தார். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஆகா, பரம்பரை முத்திரை! பார்த்தவுடனே தெரிகிறதே!"

கையெழுத்து விழுந்தது. மஞ்சள் கொடி இறங்கியது, தண்ணீர்க் குழாய் ஏறியது.

சூசைமிக்கேல் தேநீரோடு ஒரு தட்டு அச்சுமுறுக்கை நீட்டினார். ஒன்றை எடுத்து வாய்வரை கொண்டுபோன அதிகாரி அப்படியே நின்றார். முறுக்கைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். இரண்டிலும் அதே ஆறு இதழ்.

"கடிச்சுப் பாருங்க ஐயா," என்றார் சூசைமிக்கேல். "நீங்க கையெழுத்துப் போட்ட முத்திரைதான்."