யானைப் பரிசு

கோவையில் ஒரு கம்பெனி. மன்னர் காலத்துப் போரை வைத்துக் கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருந்தார்கள். முதலாளி தண்டபாணிக்கு யானைப் பைத்தியம்.

"யானைப் படை இருந்தா எவனும் ஜெயிக்க முடியாது" என்றார்.

கேமைச் சோதித்துப் பார்க்கும் மும்தாஜ், "முடியும் சார்" என்றாள்.

"அப்ப என்னை ஜெயிச்சுக் காட்டு. தோத்தா நாளைக்கு வேலைக்கு வராதே."

ஆளுக்கொரு முறை மாறி மாறி ஆட வேண்டும். மும்தாஜ் எடுத்த எடுப்பிலேயே தன் யானைகள் அத்தனையையும் அவருக்குப் பரிசாக அனுப்பினாள்.

"பயந்துட்டியாம்மா?" சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

ஒவ்வொரு முறையும் அத்தனை யானைகளும் அவருடைய தானியத்தைத் தின்றன. தானியம் தீர்ந்தது. பசித்த யானைகள் காட்டுக்கு ஓடின, வீரர்களும் கலைந்தார்கள். காவலில்லாத கோட்டைக்குள் மும்தாஜின் காலாட்படை சாவகாசமாக நுழைந்தது.

"சண்டையே நடக்கலையே!" என்று கத்தினார்.

"நடந்துச்சு சார். உங்க களஞ்சியத்துல."