ஒன்பது மண்டையோடுகள்

கருமலைக் காட்டின் பெரிய குகையில் விலங்குகள் ஓர் அருங்காட்சியகம் வைத்திருந்தன. கல்லாகிப்போன மீன், பழைய யானைத் தந்தம், காட்டில் இப்போது இல்லாத பறவைகளின் இறகுகள் எல்லாம் அங்கே இருந்தன. முள்ளம்பன்றி அவற்றைக் காத்துவந்தது.

கடைசி அறையில் ஒன்பது மான் மண்டையோடுகள் இருந்தன. முன்பு ஒரு கடும் கோடையில், குளத்தருகே யாரும் யாரையும் கொல்வதில்லை என்று விலங்குகள் சத்தியம் செய்திருந்தன. அப்போது அரசனாக இருந்த சிறுத்தை சத்தியத்தை மீறியது. தண்ணீர் குடிக்க வந்த ஒன்பது மான்களைக் கொன்றது.

இப்போது அதன் மகன் அரசன். அது அருங்காட்சியகத்தைப் பார்க்க வருகிறது என்று தெரிந்ததும் அமைச்சர் நரி முன்னதாகவே ஓடிவந்தது.

"அந்த மண்டையோடுகளை எடுத்துவிடு! அரசர் பார்த்தால் உன் தலை போய்விடும்!"

"நடந்ததைக் காட்டத்தானே இந்த இடம், அமைச்சரே! நான் எடுக்க மாட்டேன்!" என்றது முள்ளம்பன்றி.

நரி செந்நாய்களை ஏவி மண்டையோடுகளை வெளியே புதரில் எறியச் செய்தது. முள்ளம்பன்றியை வாசலிலேயே மறித்து வைத்தது.

சிறுத்தை வந்தது. பின்னாலேயே மற்ற விலங்குகளும் கூட்டமாக வந்தன. ஒவ்வொன்றையும் நின்று பார்த்தது. கடைசி அறையில் வெறும் பாறைதான் இருந்தது. ஆனால் தூசியில் ஒன்பது தடங்கள் தெரிந்தன.

"இங்கே என்ன இருந்தது?"

"ஒன்றுமில்லை, அரசே!" என்றது நரி.

கூட்டத்திலிருந்து ஒரு கிழட்டுப் பெண்மான் முன்னே வந்தது.

"என் அம்மா இருந்தாள், அரசே. வருஷா வருஷம் வந்து பார்ப்பேன்."

"பொய்! இதை வெளியே தள்ளுங்கள்!" என்று நரி கத்தியது.

"நில்!" என்றது சிறுத்தை. பிறகு மானிடம் கேட்டது: "உன் அம்மாவைக் கொன்றது யார்?"

"உங்கள் அப்பா. தண்ணீர் குடிக்கக் குனிந்திருந்தாள். நான் புல்லுக்குள் ஒளிந்திருந்தேன்."

சிறுத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டது. இதை யாரும் அதற்குச் சொன்னதே இல்லை.

பிறகு எழுந்து வாசலுக்கு வந்தது; மண்டையோடுகள் கிடந்த புதரை முள்ளம்பன்றி காட்டியது. புதருக்குப் போய் ஒரு மண்டையோட்டைப் பல் பதியாமல் கவ்வி வந்து பாறையில் வைத்தது. மறுபடி போனது. ஒன்பது முறை நடந்தது.

"கொன்றது யார் என்பதையும் வருகிறவர்களுக்குச் சொல். என் அப்பாவின் பெயரை விட்டுவிடாதே!" என்று முள்ளம்பன்றியிடம் சொன்னது. நரியை அன்றே பதவியிலிருந்து விரட்டியது.

மான் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தன் தாயின் நெற்றி எலும்பை ஒருமுறை நக்கிவிட்டு மெல்ல வெளியேறியது.

முன்னோர் செய்த தவற்றை மறைப்பதால் குலத்தின் மானம் காக்கப்படாது, அதை எல்லாரும் அறிய ஒப்புக்கொண்டால்தான் காக்கப்படும்.