முழுக் காற்றையும் கேட்டவன்

மேற்கு மலை ஓரிடத்தில் பிளந்து வழிவிடுகிறது. அந்தக் கணவாய் வழியாகத்தான் ஒவ்வோர் ஆண்டும் தென்மேற்குக் காற்று இந்தப் பக்கம் வரும். ஒருமுறை அது வந்தபோது கணவாயின் வாசலில் புதிதாக ஒருவன் நின்றுகொண்டிருந்தான். மூன்று இறக்கைகள். பனைமரங்கள் அவன் முழங்காலுக்குக்கூட எட்டவில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் அவனுக்கு நெட்டையன் என்று பேர் வைத்திருந்தார்கள்.

"நீ யாரப்பா?" என்று காற்று கேட்டது.

"காற்றாலை. உனக்காகத்தான் காத்திருக்கிறேன்."

காற்று அவன் இறக்கைகளைத் தொட்டது. அவை சுழன்றன. அடிவாரத்து ஊரில் விளக்குகள் எரிந்தன. தோட்டங்களில் மோட்டார்கள் தண்ணீர் இறைத்தன. முதல் நாளே இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிற்று.

காற்றுக்குப் பேச்சு பிடிக்கும். தான் பார்த்த வேலைகளையெல்லாம் நெட்டையனிடம் சொல்லிக்கொண்டிருக்கும்.

"களத்து மேட்டில் முறத்தைத் தூக்கிப் பிடிப்பார்கள். பதரை மட்டும் நான் கொண்டுபோவேன். நெல் அவர்கள் காலடியில் விழும். கடலில் துணியைப் பாயாக விரித்துக் கட்டினார்கள். தோணியோடு அவர்களையும் அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மேற்கே ஒரு வறண்ட தேசம். அங்கே நாணல் தட்டிகளை நட்டு நிறுத்தி, என்னை வைத்து மாவு அரைத்தார்கள். இன்னொரு தேசம் கடலைவிடத் தாழ்வானது. வயலில் நின்ற தண்ணீரை அவர்களுக்காக வெளியே இறைத்தேன்."

"மாவும் தண்ணீரும்தானா?" என்றான் நெட்டையன். "நான் ஓர் ஊருக்கே வெளிச்சம் தருகிறேன்."

"ஆமாம். அந்த வேலையை உன் இனத்தார்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்" என்று காற்று ஒப்புக்கொண்டது. "ஆனால் எல்லாரும் என்னிடம் கொஞ்சமாகத்தான் கேட்டார்கள்."

"எனக்கு நீ முழுதாக வேண்டும்."

காற்று சற்றுத் தயங்கியது. "முழுதாக நான் எவ்வளவு என்று எனக்கே தெரியாதே."

நெட்டையன் அதைக் காதில் வாங்கவில்லை. சரிவு நெடுக அவனைப் போல இன்னும் பல காற்றாலைகள் நின்றன. காற்று மிஞ்சும்போது அவை இறக்கைகளை ஒடுக்கித் திருப்பிக்கொண்டு சும்மா நின்றுவிடும். நெட்டையனுக்கு அதைப் பார்த்தால் இளக்காரமாக இருக்கும். அவனும் நிற்கவேண்டியதுதான், ஆனால் கடைசி வரை சுழன்றுவிட்டு, வேறு வழியில்லாமல்தான் நிற்பான்.

அப்படிச் செய்து செய்து அவனுடைய ஓர் இறக்கையின் மூட்டில் வலி வந்தது. திருப்பும்போது இறுகியது. வெளியே தெரிந்தால் வேலையை நிறுத்திவிடுவார்களே என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுழன்றான். பழுது பார்க்கிறவர்கள் வந்தபோதும் மூச்சுவிடவில்லை.

ஒரு நாள் காலை, காற்று தணிந்திருந்த நேரம், அந்த இறக்கை பாதி திரும்பிய நிலையில் சிக்கிக்கொண்டது. இனி மறைக்க முடியவில்லை. கீழே அலுவலறையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

லீமாரோஸும் தாணுமாலயனும் கருவிப் பைகளோடு வந்தார்கள். இருவரும் கணவாயில் பல பருவங்களாகச் சேர்ந்து வேலை பார்ப்பவர்கள். தாணு மூத்தவர். நெட்டையனின் உடம்புக்குள்ளே இருந்த ஏணியில் ஏறித் தலைக்குள் வந்து சேர்ந்தார்கள். சுழலும் பாகத்தை ஒரு தடித்த இரும்பு முளையால் பூட்டினார்கள். தாணு தலைக்குள் நின்றுகொண்டார். லீமா ஓர் ஒடுங்கிய இடைவழியில் தவழ்ந்து, இறக்கைகள் மூன்றும் சேரும் மூக்குக்குள் போனாள்.

"என்னம்மா தெரியுது?" என்று தாணு குரல் கொடுத்தார்.

"சக்கரத்துப் பல்லு ஒண்ணு ஒடஞ்சு இடையில கெடக்குண்ணே. நேத்து ஒடஞ்சது மாதிரி தெரியல. இத்தனை நாளும் இதை வச்சுக்கிட்டுத்தான் சுத்தியிருக்கு."

நெட்டையனுக்குக் கூசியது.

அவள் பாதி வேலையில் இருக்கும்போது மலைக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்தது. மதியத்துக்கு மேல்தான் வரும் என்று சொல்லியிருந்த மழைக்காற்று முன்கூட்டியே கணவாய்க்குள் நுழைந்தது.

"வருகிறேன்!" என்று தூரத்திலேயே காற்று கூவியது.

"வராதே!" என்றான் நெட்டையன். "எனக்குள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்!"

"நிற்க எனக்குத் தெரியாதப்பா. பின்னாலிருந்து கடல் தள்ளுகிறது, மழை தள்ளுகிறது. இவ்வளவு நாளும் நீதானே இன்னும் வா, இன்னும் வா என்றாய்?"

சிக்கிய இறக்கை காற்றை முழு அகலத்தில் வாங்கியது. சுழலத் துடித்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த இரும்பு முளை முனகியது.

"லீமா, வெளிய வராத!" என்று தாணு கத்தினார். "முளை ஆடுது. நீ வழியில தவழும்போது வழுக்குச்சுன்னா நசுக்கிப் போட்டுரும். அங்கயே கம்பியப் புடிச்சுக்கிட்டு இரு!"

உள்ளிருந்து லீமாவின் குரல் வந்தது. "அண்ணே, தலையத் திருப்புங்க. காத்துக்கு மொகம் காட்டாம பக்கவாட்டுல நிக்கட்டும்."

தாணு பொத்தானை அழுத்தினார். கழுத்துக்குள் இருந்த மோட்டார்கள் உறுமின. ஆனால் நெட்டையனின் தலை இம்மியும் அசையவில்லை.

பிறந்ததிலிருந்து அவன் கற்றிருந்தது ஒன்றே ஒன்றுதான்: காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது. இந்தப் பருவத்திலேயே பெரிய காற்று எதிரே வருகிறது. சரிவில் நிற்கும் மற்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது போய் முகத்தைத் திருப்பிக்கொள்வதா?

"திரும்புடா," என்று தாணு பல்லைக் கடித்தார். "திரும்பித் தொலைடா."

முளை மறுபடி முனகியது. மூக்குக்குள் லீமா ஏதோ ஜெபத்தை முணுமுணுப்பது நெட்டையனுக்குக் கேட்டது. அவனுக்குள்ளே இவ்வளவு அருகில் ஒரு நெஞ்சு அடித்துக்கொள்வதை அவன் அதுவரை உணர்ந்ததில்லை.

"கடலில் உன் மூர்க்கம் மிஞ்சியபோது அந்தப் பாய் என்ன செய்தது?" என்று அவன் காற்றிடம் அவசரமாகக் கேட்டான்.

"கயிற்றைத் தளர்த்தினார்கள். அது தன்னைச் சுருட்டிக்கொண்டது. நான் மேலே கடந்து போய்விட்டேன்."

"அதற்கு அவமானமாக இல்லையா?"

"கேட்கவில்லை. தோணிக்குள் பிள்ளைகுட்டிகள் இருந்தார்கள்."

நெட்டையன் பிடிவாதத்தை விட்டான். மோட்டார்கள் இழுத்த இழுப்புக்குத் தானும் சேர்ந்து தலையைத் தள்ளினான். முதலில் கொஞ்சம் அசைந்தது. பிறகு, கனமான கதவு திறப்பதுபோல், மெள்ள மெள்ளத் திரும்பியது. காற்று அவன் கன்னத்தை உரசிக்கொண்டு ஊளையிட்டுக் கடந்தது. இறக்கையின் துடிப்பு அடங்கியது. முளை தன் குழியில் அமைதியாக உட்கார்ந்தது.

"வாம்மா, இப்ப வந்துரு!"

"ஒரு நிமிஷம்ணே. ஒடஞ்ச பல்ல எடுத்துட்டேன். எறக்கையக் கையாலயே திருப்பி ஒடுக்கி விட்டுட்டு வாறேன். இல்லன்னா ராத்திரிக் காத்துல இவன் தாங்கமாட்டான்."

தாணு திட்டினார். அவள் கேட்கவில்லை. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி இறக்கையைத் திருப்பி முடித்த பிறகுதான் தவழ்ந்து வெளியே வந்தாள். வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாணு தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"வீட்டுல சொல்லிராதீங்கண்ணே."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன். நீ மொதல்ல தண்ணியக் குடி."

குடித்தாள். பிறகு நெட்டையனின் உட்சுவரில் உள்ளங்கையை வைத்துத் தட்டினாள். "வலிச்சா சொல்ல வேண்டாமாடா?" என்றாள்.

தாணு சிரித்துவிட்டார். நெட்டையன் சிரிக்கவில்லை.

அவர்கள் இறங்கிப் போனார்கள். காற்று நாள் முழுதும் அடித்தது. நெட்டையன் முகத்தைத் திருப்பி, இறக்கைகளை ஒடுக்கி, சரிவில் மற்றவர்களைப் போலவே நின்றான். கணவாயையே நிரப்பிக்கொண்டு போன காற்றிலிருந்து அவன் ஒரு கைப்பிடிகூட எடுக்கவில்லை. அது அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை.

சாயங்காலம் காற்றின் வேகம் குறைந்தது. அது களைத்துப்போய் அவன் அருகில் வந்தது.

"இன்று நான் உன்னிடம் ஒன்றும் வாங்கவில்லை. கோபமா?" என்றான் நெட்டையன்.

"கோபமா?" என்றது காற்று. "என்னை எதிர்த்து நின்ற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்."