சொல் கேளாத வயிறு

மலையடிவாரத்து மடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். திருவரசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குருவிடம் வந்தார். சிறு வயதிலிருந்தே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். குரு நீலாம்பாள் அம்மையைவிட வயதில் மூத்த சீடர்.

“அம்மா, காலையில தின்ன இட்லி இன்னும் இங்கேயே குந்தியிருக்கு. ‘ஏவ்’னு ஒரு ஏப்பம் விட்டா சட்னி வாசனை அடிக்குது.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

திருவரசு தொண்டையைச் செருமிக்கொண்டு டாக்டராகவே மாறினார். “‘ரொம்ப வருஷமா சர்க்கரையை ஏறவிட்டுட்டீங்க சார். இரைப்பை நரம்பு தளர்ந்துடுச்சு. கொஞ்சம் கொஞ்சமா, பல தடவையாச் சாப்பிடுங்க. அதுக்குத் தக்கபடி ஊசி நேரத்தை நான் மாத்தித் தர்றேன்.’”

குரு சிரித்துவிட்டார்.

“சிரிக்காதீங்கம்மா. இப்போ மூணு மாச சுகர் பார்த்தேன், அருமையா வந்திருக்கு. இவ்வளவு ஒழுங்கா இருந்தும் வயிறு கேக்கலேன்னா எதுக்கு இந்தக் கட்டுப்பாடு? இன்னையோட ஊசியையும் விட்டுடப் போறேன்.”

“விட்டா ஆளே இருக்க மாட்டீங்க.”

“தெரியும்.”

குரு சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார். அந்த மடத்தில் குரு குரல் கொடுத்த பிறகுதான் பந்தி.

“இலை போடலாம்!”

ஒரு அசைவும் இல்லை. மறுபடி கூப்பிட்டார்.

உள்ளேயிருந்து சமையல்காரர் சடையப்பர் கத்தினார். “யோவ் திருவரசு! அம்மா குரல்ல கூப்பிட்டுக் கூப்பிட்டு எத்தனை வருஷம் என்னை இலையும் கையுமா ஓடவிட்டே? போய்யா, வேற ஆளைப் பாரு!”

திருவரசு குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“இப்போ நெசமாவே நீங்க கூப்பிட்டது அவருக்கு எப்படித் தெரியும், பாவம்?”

“தெரியாதுதான்.”

“அப்போ இனிமே கூப்பிடவே வேண்டாமா?”

“கூப்பிடாம விட்டா அடுப்பையும் அணைச்சுட்டுப் போயிடுவார்.”

திருவரசு வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

“மறுபடி எப்போ நம்புவார்?”

“சொல்ல முடியாது. பழையபடி நம்பாமலே போனாலும் போகலாம்.”

“அப்போ நான் என்ன செய்ய?”

“ஊசியை விடாமக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க. அவர் எப்போ போடுறாரோ அப்போ, எவ்வளவு போடுறாரோ அவ்வளவு சாப்பிடுங்க.”