மாடத்தியின் பானை

ஒரு ஊர்ல ஒரு ஆறு. ஆறு என்றைக்கும் ஒரே மாதிரியா கிடக்கும்? ஓர் ஐப்பசியில் கரையை விட்டு எழுந்து கீழத்தெருவுக்குள் போனது. மண்சுவர்களை எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் இறங்கியது.

வீடு போனவர்கள் பிள்ளைகுட்டிகளோடு மேட்டில் இருந்த மடத்துக்கு ஏறி வந்தார்கள். மடத்துக்குக் குரு அறம்வளர்த்தம்மை. அவருக்குச் சீடர் ஆவுடையப்பர், ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் பந்தி விசாரித்தவர். வயதில் சீடர்தான் மூத்தவர். ஆனாலும் அவர் குருவை ‘அம்மா’ என்பார். குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார்.

வந்தவர்களுக்குக் குடிசை கட்ட மூங்கிலும் ஓலையும் வேண்டும். அதைக் கேட்டு வாங்க அம்மை ஊர் ஊராகப் புறப்பட்டார்.

“இவங்களப் பாத்துக்கிடுங்க, அண்ணாச்சி.”

“ஒரு குறை வராதும்மா.”

சொன்னபடியே செய்தார் ஆவுடையப்பர். முற்றத்தில் பெரிய அண்டாவை ஏற்றினார். விடிந்ததும் கஞ்சி, பொழுது சாய்ந்ததும் கஞ்சி. வெள்ளத்தில் தப்பிய சட்டி பானைகளைச் சனங்கள் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். இடம் கரியாகக் கூடாதே என்று அதை எல்லாம் வாங்கி உக்கிராண அறையில் அடுக்கிப் பூட்டினார்.

“இனி உங்களுக்கு இது எதுக்கு? எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்.”

கூடம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ஒரு சத்தம் இல்லை, ஒரு சண்டை இல்லை. பிள்ளைகள் அவரைக் ‘கஞ்சித் தாத்தா’ என்றே கூப்பிட்டன. அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளுக்குள் இனித்தது.

ஒரு நாள் காலையில் மாடத்தி தன் மகள் பேச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“சாமி, இவ இங்கயே இருக்கட்டும். நானும் இவ அப்பாவும் மலைக்கு, ஏலக்காட்டு வேலைக்குப் போறோம்.”

“பிள்ளைய விட்டுட்டா?”

“மலையில பிள்ளைங்களச் சேக்க மாட்டாங்க.”

“போகத்தான் வேணுமா? இங்க என்ன குறை?”

“ஒரு குறையும் இல்ல, சாமி. நேத்து இவ முழிச்சதும் பசிக்குதுன்னு எங்கிட்டச் சொல்லல. என்னத் தாண்டி உங்ககிட்ட ஓடி வந்தா. நான் இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான்.”

ஆவுடையப்பர் அவளுடைய புருஷன் கொம்பையாவைத் திரும்பிப் பார்த்தார். வீடு கரைந்த அன்றிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன் அப்படியேதான் உட்கார்ந்திருந்தான்.

“அம்மா வந்திரட்டும், தாயி. அது வரைக்கும் பொறு.”

உச்சிப்பொழுதில் மூங்கில் வண்டியோடு அம்மை வந்து சேர்ந்தார். கால் கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆவுடையப்பர் எல்லாவற்றையும் சொன்னார்.

“நான் எதுல குறை வச்சேன்மா? அதைச் சொல்லுங்க.”

“பசிக்குது, அண்ணாச்சி.”

அவர் ஓடிப்போய் ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்தார். அம்மை அதை வாங்கவில்லை. நேராக மாடத்தி இருந்த மூலைக்குப் போனார்.

“மாடத்தி, ரொம்பத் தூரம் நடந்து வந்திருக்கேன். ஒரு வாய் ஏதாவது காச்சித் தாயேன்.”

மாடத்தி திகைத்தாள். “அந்தா, அண்டாவுல இருக்கே தாயி.”

“அது அண்ணாச்சி கஞ்சி. உன் கஞ்சி எங்க?”

“எங்கிட்டப் பானை இல்லியே.”

“பானை இல்லாமலா மேடேறி வந்த?”

“பிள்ளைய இடுப்புல வச்சு, பானையத் தலையில வச்சுத்தான் வந்தேன். வேற ஒண்ணும் எடுக்க முடியல. அதைச் சாமி வாங்கி உள்ள வச்சிட்டாங்க.”

அம்மை சீடரைப் பார்க்கக்கூட இல்லை. ஆவுடையப்பர் தானாகவே போய்ப் பூட்டைத் திறந்தார். அடுக்கில் இருந்து அவள் பானையைத் தேடி எடுத்து வந்தார். வெள்ளை வேட்டியெல்லாம் கரி.

மாடத்தி அடுப்புக்கு இடம் பார்த்தாள்.

“அங்க வேண்டாம், காத்து அடிக்கும்.”

சொன்னது கொம்பையா. எழுந்து போய்க் கல் மூன்று பொறுக்கி வந்தான். விறகு பிளந்தான். அரிசி கொதித்தது, புகை எழுந்தது.

“தள்ளி உக்காருங்க தாயி, கண்ணெரியும்” என்று குருவையே அதட்டினாள் மாடத்தி.

விளையாடிவிட்டுப் பேச்சி ஓடி வந்தாள். அண்டாப் பக்கம் போனவள் பாதியில் நின்றாள். மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“எம்மா, பசிக்குது.”

“இரு பிள்ள. வந்த விருந்தாளி மொதல்ல.”

கையில் ஆறிப்போன கஞ்சிக் கிண்ணத்தோடு ஆவுடையப்பர் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் ஒவ்வொருத்தியாக வந்து தன் பானையைக் கேட்டாள். முற்றம் முழுக்க அடுப்பு. ஒருத்தி உப்புக்குச் சண்டை போட்டாள், ஒருத்தி அடுத்தவள் குழம்பை நக்கிப் பார்த்துக் குறை சொன்னாள்.

“மடம் சந்தையாப் போச்சும்மா.”

“கீழத்தெரு சத்தம் மாதிரியே இருக்குல்ல, அண்ணாச்சி?”

மலைக்கு யாரும் போகவில்லை. கரைக்கு எட்டத்தில், மேடான இடத்தில், எல்லாரும் சேர்ந்து மூங்கில் நட்டார்கள். ஓலை வேய்ந்து முடிந்த குடிசைக்காரர்கள் விடைபெற்று இறங்கினார்கள். கொம்பையா எல்லார் கூரைக்கும் கயிறு கட்டப் போனான். அதனால் அவன் வீடுதான் கடைசியில் எழும்பியது.

கிளம்பும் நாள் வந்தது. கொம்பையா பேச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். மாடத்தி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆவுடையப்பரிடம் வந்தாள்.

“சாமி, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரணும். புளிக்குழம்பு வைக்கேன்.”

“எனக்குச் சொல்லலியே?” என்றார் அம்மை.

“உங்களுக்குச் சொல்லணுமாக்கும்! நீங்கதான் பசிக்குதுன்னு தானா வந்து உக்காந்திருவீங்களே.”

சிரித்துக்கொண்டே அவள் சரிவில் இறங்கினாள்.

ஆவுடையப்பர் அவளைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டார்.

“அம்மா, நான் அத்தனை கொடுத்தும் அவ போறேன்னு நின்னா. அன்னைக்கு நீங்க அவளுக்கு என்னத்தக் கொடுத்தீங்க?”

“நான் எங்க கொடுத்தேன், அண்ணாச்சி? அவ போட்டா, நான் சாப்பிட்டேன்.”

சரிவில் பானை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் இறங்கிவிட்டது.